சுவருக்கு இந்தப்புறம் கேட்ட ஐந்து சண்டைகள்

புத்தூர், திருச்சி-17
12-3-1981, வியாழன் இரவு

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய 'கலைத்தூறல்' ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ச. செல்வமேரி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்குத் தாங்களும், தங்கள் வீட்டாரும், பத்திரிகையில் அச்சுக் கோர்ப்பவர்களும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மேலே சேசு மரி சூசை என்று எழுதியது பழக்கத்தால் வந்தது. சினிமாப் பத்திரிகைக்கு எழுதும்போது அதைப் போடலாமா என்று தெரியவில்லை. எழுதியதை அடித்தால் இன்னும் பெரிய பாவம் என்பதால் விட்டுவிட்டேன். போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேட்டரி பழசு, ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்: ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வராதீர்கள்.

உளவாளிப் படங்களில் வந்த கைச்சண்டைகளில் சிறந்த ஐந்தை வரிசைப்படுத்தி அனுப்பச் சொல்லி நீங்கள் வைத்த போட்டியில், முதல் பரிசு திருச்சி புத்தூர் திரு. சவரிராயன் அவர்களுக்கு என்று போன வாரம் அச்சிட்டிருந்தீர்கள். அதன் கீழேயே, 'சாதாரண ரசிகர் கண்ணுக்குத் தப்பியதையெல்லாம் பார்த்திருக்கும் இந்தப் பெரியவர் ஒவ்வொரு படத்தையும் குறைந்தது பத்து முறை பார்த்திருப்பார்' என்றும் எழுதியிருந்தீர்கள். ஐயா, சவரிராயன் என்பது என் அப்பா. அவர் ஒரு படத்தைக்கூடப் பார்த்தவர் இல்லை. பட்டியலை எழுதி அனுப்பியது நான். நானும் ஒரு படத்தைக்கூடப் பார்த்தவள் இல்லை.

எங்கள் வீட்டுப் பின்சுவரும் ஒரு தியேட்டரின் பக்கச் சுவரும் ஒரே சுவர். வெக்கைக்காக அவர்கள் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து துணித்திரையை மட்டும் தொங்க விடுவார்கள். எங்கள் வீட்டில் சரியாக எட்டு மணிக்கு ஜெபமாலை. எந்த உளவாளிப் படமானாலும் எட்டிலிருந்து எட்டரைக்குள் ஒரு கைச்சண்டை கட்டாயம் வந்துவிடும் என்பதை நான் ஏழாம் வகுப்பிலேயே கவனித்துவிட்டேன். படம் ஓடும் நாளெல்லாம் அதே ஜெபத்தில் அதே அடி விழும். எண்ணக்கூடாது என்றுதான் நினைப்பேன். ஆனால் கையில் ஜெபமாலை இருக்கிறதே ஐயா, மணி எண்ணுவதற்கென்றே செய்தது. ஒரு அடிக்கு ஒரு மணி என்று விரல் தானாக நகர்ந்துவிடும். ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் இரண்டாவது பத்து எப்போதும் நான் சொல்லவேண்டியது. ரயில் பெட்டிச் சண்டை ஓடிய வாரத்தில் ஒரு நாள், பத்து அருள்நிறை மந்திரம் சொல்லவேண்டிய இடத்தில் நாலு சொல்வதற்குள் பத்து மணியும் தீர்ந்து போய், பத்தின் முடிவில் சொல்லும் திரித்துவ ஸ்தோத்திரத்துக்கு நான் தாவிவிட்டேன். அம்மா கண்ணைத் திறந்து, "என்னடி, பத்து அதுக்குள்ள முடிஞ்சிருச்சு?" என்றார். அப்பா கண்ணைத் திறக்காமலே, "மெதுவா சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

அந்த ரயில் சண்டைக்குத்தான் முதலிடம் கொடுத்தேன். அதில் இசையே கிடையாது. ரயில் ஓடும் சத்தம், பதினான்கு அடி, ஒரு கண்ணாடி, அப்புறம் ஒரு ஆள் மூச்சு வாங்குவது. இசை போட்டுவிட்டால் அடி வலிக்காது, இசையில்லாத அடிதான் வலிக்கும் என்று நான் எழுதியதைத்தான் நீங்கள் பெட்டி கட்டி அச்சிட்டீர்கள். இரண்டாவது, ஓட்டல் சமையலறைச் சண்டை. கடைசியில் ஒரு அலுமினிய மூடி உருண்டு, உருண்டு, சுற்றிச் சுற்றிக் கீழே படியும். முதல் மூன்று நாளும் அம்மா ஜெபத்தின் நடுவில் எழுந்துபோய்ப் பூனை வந்ததா என்று அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது, லிஃப்டுக்குள் நடந்த சண்டை. நான் லிஃப்டைப் பார்த்ததில்லை. மாடிக்கு மாடி மணி அடித்தபோது கோயில் பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கும் எழுந்தேற்ற மணி என்று நினைத்து இரண்டு நாள் தலை குனிந்தேன். அப்புறம் என் வகுப்புத் தோழி ஷரபுன்னிசா விளக்கினாள். அவளுடைய அத்தா ஷேக் தாவூதுதான் அந்தத் தியேட்டரில் படம் ஓட்டுகிறவர். யார் யாரை அடித்தார்கள் என்பதை அவளிடம் மறுநாள் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வேன். நாலாவது, தண்ணீருக்கடியில் நடந்த சண்டை. அதில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. தியேட்டரில் ஒரு இருமல் கூட இல்லை, முறுக்கு விற்பவர்கூடக் கூவவில்லை. எழுநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது நல்ல சண்டையாகத்தானே இருக்கவேண்டும்?

ஐந்தாவது, ஒரு பெண் உளவாளி இரண்டு பேரோடு போட்ட சண்டை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கண்ணாடி வளையல் உடையும். எல்லாம் உடைந்து முடிந்தபின் அவள், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பாள். உண்மையில் எனக்கு அதுதான் மிகவும் பிடித்த சண்டை. ஆனால் அப்பா பெயரில் அனுப்பும்போது, அப்பா ஒரு பெண்பிள்ளை சண்டை போடுவதை முதலில் வைப்பாரா என்று யோசித்துக் கடைசியில் வைத்தேன்.

அப்பா பெயரை ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். என் பெயரைப் போட்டால் எல்லாரும் உடனே நம்பிவிடுவார்கள். அப்பா பெயரைப் போட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் மாதா கோயில் பங்கில் பக்த சபைத் தலைவர். தவக்காலம் நாற்பது நாளும் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று வீடு வீடாகப் போய் அட்டையில் கையெழுத்து வாங்குகிறவர் அவர்தான். இந்த வருஷம் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அப்படிப்பட்டவரைப் பற்றி ஐயா, எல்லாரும் நம்பிவிட்டார்கள்!

முதலில் முடிவெட்டும் அழகர்சாமி அண்ணன். சனிக்கிழமை அப்பா போய் உட்கார்ந்ததும், "சார், ரயில் சண்டையில அவன் இடது கையாலதான அடிச்சான்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "எவன்?" என்றாராம். "பாத்தீங்களா, எவ்வளவு தெரிஞ்சிருந்தும் எவ்வளவு அடக்கம்" என்று அங்கிருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டு, அண்ணன் அப்பாவுக்கு இரண்டு தடவை பவுடர் போட்டு அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பி, கதவைச் சாத்தச் சொல்லி, "என்ன சவரிராயன், ஜலத்துக்குள்ள நடக்கற சண்டையைப் போய் நாலாவதா போட்டுட்டேளே, அது நியாயமா?" என்றாராம். இதையெல்லாம் அப்பா அம்மாவிடம் சாப்பிடும்போது சொன்னார். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை பக்த சபைச் செயலாளர் இருதயநாதன் மாமா உங்கள் பத்திரிகையைத் துண்டுக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சவரி, தவக்காலத்துல இது தேவையா? நூத்திப் பன்னெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். ஒரு பக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மூன்று மனஸ்தாப மந்திரம் சொல்லி முடித்தேன். "இது வேற சவரிராயன்" என்றார்.

"நம்ம பங்குல இன்னும் ரெண்டு சவரிராயன்தான் இருக்காங்க. ஒருத்தருக்கு எம்பத்திரெண்டு வயசு, காது கேக்காது. இன்னொருத்தர் சிங்கப்பூர்ல இருக்காரு."

"சிங்கப்பூர்ல தியேட்டர் இல்லியா?" என்றார் அப்பா.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சரி, அதை விடு. இந்த லிஃப்ட் சண்டை எந்தப் படத்துல வருது?" என்று கேட்டார். பத்திரிகை எங்கள் வீட்டு மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. மாமா போகும்போது இழுப்பறையை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் இப்படியே அடங்கிவிடும், தவக்காலம் முடிவதற்குள் மறந்துவிடுவார்கள் என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். சொல்லப்போனால், அப்பா இந்த வாரம் முழுக்க ஒருவரையும் திட்டவில்லை. பவுடர் வாசனையோடு வளைய வந்தார். என் பட்டியல் அச்சில் வந்ததை நினைத்து எனக்கும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும். ஆனால் இன்று மதியம், பரீட்சைக்குப் படிக்கவென்று நான் வீட்டில் இருந்தபோது தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறு காலை பத்து மணிக்கு உதவி ஆசிரியரும் போட்டோகிராபரும் வருகிறார்கள், திரு. சவரிராயன் குடும்பத்தோடு தயாராக இருக்கவேண்டும், பரிசுக் கோப்பையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கப்படும் என்று போட்டிருந்தது. பத்து மணி என்றால் இரண்டாம் பூசை முடிந்து பங்கே எங்கள் தெரு வழியாகப் போகும் நேரம். எழுதியது சிங்கப்பூர்க்காரராயிருக்கும் என்று சொன்ன என் அப்பா கோப்பையும் கையுமாக வாசலில் நின்றால் அந்த நூற்றுப் பன்னிரண்டு பேர் முகத்தில் எப்படி விழிப்பார்? நான் இல்லை என்று அவர் சொன்னால், அப்படியானால் எழுதியது யார் என்று கேட்பீர்கள். உங்களிடம் என் கையெழுத்து இருக்கிறது. என் கையெழுத்தை அப்பாவுக்குத் தெரியும், அந்த 'ழ'வுக்காகவே என்னை மூன்று வருஷம் திட்டியிருக்கிறார். அப்பா அடிக்க மாட்டார் ஐயா. அவர் பேசாமல் இருந்துவிடுவார். போன வருஷம் ஒரு பொய்க்காக எட்டு நாள் பேசவில்லை. அதைவிட ரயில் பெட்டியில் பதினான்கு அடி வாங்கலாம்.

ஆகையால் கோப்பையை இரண்டாம் பரிசுக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த இதழில், முதல் பரிசு பெற்றவர் ஜீயபுரத்துக்குக் குடிபோய்விட்டார் என்று ஒரு வரி போட்டால் போதும். அது பொய் என்று தெரியும். அந்தப் பாவத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன், ஏற்கனவே வெள்ளிக்கிழமைப் பாவசங்கீர்த்தனத்துக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை இன்றிரவு அப்பாவின் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு விடைத்தாள் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துப் பெட்டியில் போடுவேன். அந்தப் பிரிவைத் திருத்தினால் அப்பாவுக்குத் தலைவலி வரும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தொடமாட்டார். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான்.

தங்கள் பத்திரிகை மேலும் மேலும் விற்கவும், தங்கள் அச்சு இயந்திரம் பழுதில்லாமல் ஓடவும், தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் தூய ஆவியின் வரங்கள் கிடைக்கவும் தினமும் ஒரு பத்து சொல்கிறேன், ஒழுங்காக எண்ணி. டார்ச் மங்கிவிட்டது.

இப்படிக்கு,
ச. செல்வமேரி

பின்குறிப்பு: இதை எழுதுவது சவரிராயன். வெள்ளி காலை ஐந்து மணி. தூக்கம் வராததால் 'ஆ' பிரிவைத் திருத்த எடுத்தேன். கையில் சிவப்பு மைப் பேனாதான் இருக்கிறது, மன்னிக்கவும். ஞாயிறு பத்து மணிக்குத் தவறாமல் வரவும். கோப்பையைச் செல்வமேரியிடம் கொடுக்கவும், பெயரும் அவள் பெயரே வரவேண்டும். கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டோம் என்றுதான் அட்டையில் இருக்கிறது, சுவரைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்று பக்த சபைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அச்சிடும்போது கீழ்க்கண்ட திருத்தங்களைச் செய்யவும். ரயில் பெட்டியில் விழுந்தது பதினான்கு அல்ல, பதினாறு அடி. இவள் பத்தை முடித்துவிட்டுத் தாவியபோது இரண்டு விழுந்தன. என் விரல் அப்போது இரண்டாம் சுற்றின் ஆறாவது மணியில் இருந்தது. சமையலறையில் உருண்ட மூடி பித்தளை, அலுமினியம் அல்ல என்று என் மனைவி அற்புதம்மாள் சொல்லச் சொல்கிறார். வளையல் சண்டை முதலிடத்தில் இருக்கவேண்டியது. என் பெயரில் எழுதுகிறவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்காகப் பத்து குறைத்து, மதிப்பெண் தொண்ணூறு.