சொல்தா வழிவிடவில்லை

ஏகநாதனை அவர் வீட்டு வாசலில் அவருடைய நாயே மடக்கியது.

"சொல்தா, நான்தான்டா."

நாய் நம்பவில்லை. கேட்டுக்குக் குறுக்கே நின்று குரைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் பாகூரில் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களைப் போல நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது என்று ஏகநாதன் வைத்த பெயர். குட்டியாகச் சாராயக்கடை வாசலில் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

சத்தம் கேட்டு சிவகாமசுந்தரி வெளியே வந்தாள். முதலில் அவர் கையைப் பார்த்தாள்.

ஏகநாதன் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். இனிமேல் குடிப்பதில்லை என்று அம்மன் கோயிலில் சத்தியம் செய்து கட்டிய மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

"கயிறு பத்திரமா இருக்குது, பாரு."

"இருக்குது, இருக்குது."

நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

கயிறு கட்டியதிலிருந்து தினமும் இதுதான். கடைத்தெருவில் பைப் கடையைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வருவார். நாய் குரைக்கும். மனைவி கையைப் பார்ப்பாள். பெருமூச்சு விட்டு உள்ளே போவாள். இவ்வளவு சந்தேகப்படுகிறவளுக்காகவா விட்டோம் என்று தோன்றும்.

விட்டது உண்மையில் பேரனுக்காக. மகள் கீர்த்திகா பிரசவத்துக்கு வந்திருந்து, ஐந்தாம் மாதம் குழந்தையோடு வில்லியனூருக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நீ குடிய விட்டாதான்பா புள்ளைய இங்க கூட்டினு வருவேன்." வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தாள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து நாயின் விஷயத்தைச் சொன்னார். மோட்டார் மெக்கானிக் பாக்யராஜ் ஸ்பானரைக் கீழே வைத்தான். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவன்.

"நாய்க்கு மூக்குதான் கண்ணுப்பா. பத்து வருசமா உன்ன சாராய வாசனையிலதான் தெரியும் அதுக்கு. இப்ப பவுடர் போட்டுனு போற. எவனோ எல்ஐசி ஏஜெண்டுன்னு நெனச்சிருக்கும்."

"அதுக்கு?"

"கொஞ்சம் காலர்ல தடவினு போ. வாயில படல, சத்தியம் கெடல."

ஏகநாதன் யோசித்தார். சட்டத்தில் குறை தெரியவில்லை.

பாக்யராஜ் கால் பாட்டில் வாங்கி வந்தான். மூடியைத் திறந்ததும் ஏகநாதனுக்குக் கண் கலங்கியது. எல்லாம் திரும்பி வந்தது. ஏரிக்கரையில் பொழுது சாயும். மதகில் தண்ணீர் விழுகிற சத்தம். நாற்று வாசனையும் காசம்மாள் கடையில் மீன் பொரிகிற வாசனையும் கலந்து வரும். முதல் கிளாசில் யாராவது அரசியல் பேசுவான். இரண்டாவதில் யாராவது செத்துப்போன அப்பாவை நினைத்து அழுவான். எல்லோரும் சேர்ந்து அவனைத் தேற்றுவார்கள். அப்படி ஒரு சினேகம் இனி எங்கே கிடைக்கும்? மூன்றாவது கிளாஸ் வரை அவருக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருந்தது விடியற்காலைக் காப்பி மட்டும்தான்.

"மோந்தது போதும்ப்பா," என்று பாக்யராஜ் பாட்டிலை வாங்கி, அவர் காலரில் தெளித்தான்.

அன்று சொல்தா தெருமுனைக்கே ஓடி வந்தது. வாலை ஆட்டியது. முனகியது. முன்னங்கால்களை அவர் இடுப்பில் வைத்து நின்றது.

"பாத்தியாடா, அப்பன அடையாளம் தெரிஞ்சுதா!"

நாய் அவர் வலக்கையை முகர்ந்தது. இடக்கையை முகர்ந்தது. சட்டைப்பையில் மூக்கை நுழைத்துத் தேடியது. பிறகு இரண்டடி பின்வாங்கி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்னைக்கு இரண்டு மடங்காகக் குரைத்தது. வேட்டியைக் கவ்வி இழுத்தது.

கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து சுந்தரியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது போலிருந்தது. அவர் கைகளைப் பார்த்தாள். மலர்ந்தது சுருங்கியது. மூக்கு விடைத்தது.

"குடிச்சிருக்க."

"காலர்தான் குடிச்சிருக்குது. நான் இல்ல."

"இன்னாது?"

"நாய்க்காகத் தெளிச்சேன் சுந்தரி."

"நாய்க்காக." அவள் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். "கீர்த்தி, உங்கப்பன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்டி. கேட்டா நாய் மேல பழியப் போடறான்."

மகள் வீடியோவில் வந்தாள். மடியில் பேரன் கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"போனைப் பாத்து ஊதுப்பா."

"போன்ல வாசன வருமாம்மா?"

"ஊதுப்பா!"

ஊதினார். பேரன் சிரித்தான்.

"கண்ணு செவந்திருக்குது."

"நாய் தொரத்திச்சிம்மா."

"குடிச்சா நாய் தொரத்தாம இன்னா பண்ணும்? ஞாயித்துக்கெழம நான் வரல."

திரை இருண்டது. பேரனின் சிரிப்பு மட்டும் அவர் கண்ணில் நின்றது.

"வாசன மட்டும் பத்தல," என்றான் பாக்யராஜ் மறுநாள். "நீ நேரா நடந்து போயிருப்ப. நீ அப்படி நடந்து அது பாத்ததே இல்லையே. ஆடினு, பாடினு வருவ. அத செய். நாய் சேத்துக்கும். நாய் சேத்துக்கினா பொண்டாட்டி நம்புவா. பொண்டாட்டி நம்பினா பொண்ணு வருவா."

வேறு வழி ஏகநாதனுக்குத் தெரியவில்லை. சுத்தமான சட்டையோடும் தெளிந்த மூளையோடும் தெருமுனையிலிருந்து தள்ளாடத் தொடங்கினார். இது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. போதையில் தானாக வளைந்த கால் இப்போது மின்கம்பத்தைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கியது. பாட்டின் வரிகள் மறந்துவிட்டன. ராகத்தை மட்டும் உரக்கப் பாடினார்.

ஜன்னல்கள் திறந்தன.

"ஏகநாதன் திரும்பி வந்துட்டாருடி!" என்றாள் எதிர் வீட்டு வைஜெயந்தி. அவள் குரலில் கண்டிப்பு இல்லை. தெருவே கொஞ்சம் சந்தோஷப்பட்டது போலிருந்தது. "ஏழு மணி ஆயிடுச்சின்னு இந்தப் பாட்டக் கேட்டுதான் நான் உல வைப்பேன்."

சொல்தா ஓடி வந்தது. வலக்கையை முகர்ந்தது. இடக்கையை முகர்ந்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஊளையிட்டது.

சுந்தரி வாசலில் நின்றிருந்தாள். ஏகநாதன் பாட்டை நிறுத்தி, நேராக நடந்து அவள் முன் நின்றார்.

"ஊதட்டுமா?"

"வாணாம்."

"பச்சத் தண்ணிதான் குடிச்சேன். சட்டையப் பாரு. முன்ன தெனமும் பையில எண்ணெக் கற இருக்கும்னு திட்டுவியே, இப்ப ஒரு கற இருக்குதா?"

"அதான் நானும் பாக்கறேன்," என்றாள். "குடிச்சப்பகூட உனக்கு என் ஞாபகம் இருந்துதுய்யா. தெளிஞ்சப்புறம்தான் நான் யாரோவாயிட்டேன். ஞாயித்துக்கெழம நான் வில்லியனூருக்குப் போயிடறேன். புள்ளகிட்ட இருந்துக்கறேன்."

ஏகநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடித்தபோது அவளுக்கு என்ன செய்தோம்? அவருக்கு ஞாபகம் உள்ளவரை ஒன்றுமே செய்ததில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது கடையைப் பூட்டினார். கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஏரிக்கரைக்குப் போனார். மதகில் அதே தண்ணீர். அதே நாற்று வாசனை. சாராயக்கடை வெளிச்சத்தில் பழைய முகங்கள் தெரிந்தன. அங்கே யாரும் கையைப் பார்ப்பதில்லை. நாய்கூட அந்தப் பழைய ஏகநாதனைத்தான் கேட்கிறது. தெரு அவனைத்தான் கேட்கிறது. பெண்டாட்டியும் கேட்கிறாள். எல்லோருக்கும் பிடித்தவனைக் கொன்றுவிட்டு, யாருக்கும் பிடிக்காத ஒருத்தனை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

மணிக்கட்டுக் கயிற்றின் முடிச்சில் விரலை வைத்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

"யாரு, ஏகநாதனா?"

சாராயக்கடைக்குப் பக்கத்தில் மீன் பொரிக்கும் காசம்மாள். அடுப்பு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எங்கப்பா ஆளக் காணோம்? ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. குடிய விட்டுட்டேன்." கயிறு இன்னும் பல்லில் இருந்தது.

"நல்லாயிரு. அதுக்கு இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு இருக்குதா?"

அவள் கேட்காமலே சட்டியிலிருந்து அள்ளினாள். ஒரு பொட்டலத்தில் பொரித்த மீன் தலைகள். இன்னொன்றில் நான்கு இறால் வடை. செய்தித்தாளில் எண்ணெய் ஊறிப் பரவியது. இரண்டையும் அவர் சட்டைப்பைக்கு அருகே நீட்டினாள்.

"எனக்கு வாணாம்மா. பசிக்கல."

"உனக்கு யாரு குடுத்தாங்க? மீன் தல நாய்க்கு, வட உம் பொண்டாட்டிக்கு. பத்து வருசமா தெனமும் நீதானே நிக்க முடியாம நின்னுனு, 'சீக்கிரம் கட்டு காசம்மா, ரெண்டு பேரும் சாப்புடாம வாசல்லயே உக்காந்துனு இருப்பாங்க'ன்னு அழுவ?"