பல் டாக்டர் பெஞ்சு

மாடிப்படியில் ஒரு காலை வைத்த தபீதாள், கீழே பல் டாக்டர் பெஞ்சில் தன் ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட் சம்பந்தம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மாடியில் இருப்பவர் மனநல டாக்டர். காரணமே இல்லாமல் நாள் முழுக்கப் பயமாக இருக்கிறது என்று போனவளுக்கு அவர் கொடுத்த மாத்திரை, பயத்தை அடக்கியது. கூடவே அவளையும் ஆபீஸில் ஃபைல் மேலேயே தூங்கவைத்தது. வேறு மாத்திரைக்கு மாறியாக வேண்டும். அடுத்த வாரம் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் சம்பந்தம். அந்த மாடிக்குப் போகிறவளைத் தாம்பரம் முழுக்கப் பைத்தியம் என்றுதான் சொல்லும். படித்த முட்டாள்கள் அதையே இங்கிலீஷில் சொல்வார்கள்.

"என்னம்மா, இங்க?" என்றார் சம்பந்தம், கன்னத்தில் கையோடு.

"பல்லு சார்."

"உக்காரு. எந்தப் பக்கம்?"

"இடது."

அதே பெஞ்சில் தன் கன்னத்திலும் கை வைத்து உட்கார்ந்திருந்த பூக்காரி கங்கையம்மாள், மறு கையால் தபீதாளின் தாடையைப் பிடித்தாள். "வாயைத் தொற. இன்னாமே, ஒரு சொத்தை கூட இல்லியே?"

"உள்ள, வேர்லக்கா."

"வேரா? அப்ப புடுங்கினாத்தான் போவும்."

"மாத்திரை ஏதாவது போடுறியா?" என்றார் சம்பந்தம்.

"போடுறேன் சார். ஒரே தூக்கமா வருது. அதான் அன்னிக்கு ஃபைல் மேல..."

"எனக்கும் மொதல்ல அதான். இப்ப புதுசா ஒண்ணு மாத்திட்டார். தூக்கம் இல்ல. ஆனா மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வயித்தைப் பிரட்டும்."

"எனுக்குக் குட்த்தது வேற," என்றாள் கங்கையம்மாள். "நெஞ்சு அடிச்சிக்கிறது நின்னுச்சு, கை நடுக்கம் போச்சு. சடார்னு எந்திரிச்சாத்தான் கண்ணு இருட்டிக்கினு வருது." பிறகு, "பல்லுக்குத்தான்," என்று சேர்த்துக்கொண்டாள்.

தபீதாளுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. சம்பந்தம் இருக்கும்வரை மாடிக்கு நழுவ முடியாது என்பது மட்டும் ஏறியது.

"நீ முதல்ல போம்மா," என்றார் சம்பந்தம்.

"நீங்க போங்க சார்."

"அந்தம்மா போகட்டும்."

"எனுக்கு இன்னா அவசரம்? நீங்க போங்க."

பஸ்ஸில் ஏற அடுத்தவன் காலை மிதிக்கிற ஊர் இது. இங்கே ஆளாளுக்கு முறையை விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் சின்னவள் என்று தபீதாளையே தள்ளினார்கள். நல்ல பல் ஒன்று போனாலும் போகட்டும், வேலை நிலைக்கட்டும் என்று அவள் எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தட்டினாள். வந்த ஆத்திரத்தில் இன்னும் பலமாகத் தட்டினாள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து கம்பவுண்டர் இறங்கி வந்தார்.

"கன்னத்துலேர்ந்து கையை எடுங்க சம்பந்தம் சார், நீங்களுந்தாம்மா. பல் டாக்டர் எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. வாசல்ல அவரு போர்டு இருந்தாத்தான் ஜனங்க தைரியமா வர்றாங்கன்னு எங்க டாக்டர்தான் இந்த ரூமுக்கு வாடகை குடுக்கிறாரு. மேல வாங்க, யாரு மொதல்ல?"