மணல் நிற உடுப்பு

எதிரி சுட்டால் திருப்பிச் சுடலாம். பெண்டாட்டி அழுதால் என்ன செய்வது? கூர்க்கா கார்ப்பரல் மன்பீர் லிம்புவுக்கு பிரிட்டிஷ் ராணுவம் எத்தனையோ கற்றுக் கொடுத்திருந்தது. பாம்பைத் தின்னக் கற்றுக் கொடுத்தது, மழையில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக் கொடுத்தது. இதை மட்டும் விட்டுவிட்டது. ஆகவே அவன் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தான். ஆப்கானிஸ்தான் போகப்போவதை ஹங்மாவிடம் சொல்லப் போவதில்லை.

அவனைப் போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அதுதான் கொடுமை. போக வேண்டியவன் பக்கத்து வீட்டு கியான் ராய். கியானின் மனைவி பிம்லாவுக்கு நிறைமாதம். கியானுக்குப் பதிலாக யார் போகிறீர்கள் என்று மேஜர் சாகேப் அணிவகுப்பில் கேட்டார். மன்பீரின் கை மேலே போனது. மூளைக்கு விஷயம் தெரிந்தபோது கை உச்சியில் இருந்தது. தூக்கிய கையை இறக்குவதற்கு ராணுவத்தில் வழி கிடையாது.

ஹங்மாவும் பிள்ளைகளும் நேபாளத்துத் தரானிலிருந்து புருணையின் இந்த செரியா முகாமுக்கு வந்து அரை வருஷம்கூட ஆகவில்லை. வந்த புதிதில் வீடு வீடாகவே இல்லை. பெரியவள் யுனிஷா முகாம் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். சின்னவன் அஸ்மினுக்கு அப்பா என்றால் போன். போனில் தெரிந்த முகத்துக்கு முத்தம் கொடுப்பான். அதே முகம் உடம்போடு வந்து நின்றால் வீலென்று அலறி அம்மா காலைக் கட்டிக்கொள்வான். குந்த்ருக் என்கிற புளித்த கீரை வற்றலுக்காக ஹங்மா கொல்லையில் காயப்போட்ட கீரையைக் குரங்குகள் அள்ளிக்கொண்டு போயின. சாயங்காலமானால் அவளும் அழுவாள்.

எப்படியோ எல்லாம் அடங்கியது. யுனிஷா இப்போது வீட்டிலேயே இங்கிலீஷில் அப்பனை அதட்டுகிறாள். அஸ்மின் அப்பன் நெஞ்சில் படுத்து எச்சில் வடியத் தூங்குகிறான். ஹங்மா குரங்குகளைத் திட்டுகிற திட்டில் பட்டாளமே பின்வாங்கும். குடும்பம் ஒருவழியாக உட்கார்ந்தது. உட்கார்ந்த சமயம் பார்த்துக் குடும்பத் தலைவன் கையைத் தூக்கிவிட்டான்.

இனி மறைக்க வேண்டும். புருணையில் காடு பச்சை, உடுப்பும் பச்சை. ஒருவனிடம் மணல் நிறத்தில் உடுப்பு இருந்தால் அவன் எந்த ஊருக்குப் போகிறான் என்று தொட்டில் குழந்தைகூடச் சொல்லிவிடும். தையற்கடையில் பெயர் தைத்துக் கொடுத்த உடுப்பை மன்பீர் முதலில் கட்டிலடிப் பெட்டியில் வைத்தான். யுனிஷா அதைப் பொம்மைக்கு மெத்தையாக்கினாள். பிடுங்கிக் கூரைப் பலகைக்கு மேலே செருகினான். கட்டெறும்பு குடியேறியது. கடைசியில் கியான் வீட்டுக்குக் கொண்டு போனான்.

கியான் தயங்கினான். மூத்தவனை அவன் குருஜி என்றுதான் கூப்பிடுவான். "குருஜி, இங்கயா? பிம்லா பாத்தா அழுவாளே."

"உன் பெண்டாட்டி அழுகையையும் நானே பாக்கணுமாடா? உனக்குப் பதிலாத்தானே போறேன்."

உடுப்பு அவன் வீட்டு அலமாரி உச்சிக்குப் போயிற்று.

திட்டத்தின் மறுபாதி, குடும்பத்தைத் தரானுக்கு மூட்டை கட்டுவது. மன்பீர் அம்மாவுக்கு போன் போட்டான். முட்டி வலி தாங்கவில்லை, மருமகள் வந்தால் தேவலை என்று ஹங்மாவிடம் சொல்லும்படி கெஞ்சினான். உப்பு வாங்கச் சொன்னாலும் ஒன்பது கேள்வி கேட்கிற அம்மா, அன்றைக்கு சரி என்று ஒரே வார்த்தை சொல்லி போனை வைத்துவிட்டாள். இவனோ தன் சாமர்த்தியத்தை எண்ணித் தானே முதுகில் தட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை கொட்டியது. யுனிஷா பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். ஹங்மா அஸ்மினுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மன்பீர் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அம்மாவுக்கு முட்டி ரொம்ப முடியலையாம். நீ புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் கொஞ்ச மாசம் இருந்துட்டு வாயேன்."

"எந்த முட்டி?"

"இடது."

"என்கிட்ட வலதுன்னாங்க."

"ரெண்டும்தான்."

"நான் போயிட்டா நீங்க?"

"எனக்குக் காட்டுப் பயிற்சி இருக்கு. இது கொஞ்சம் நீளமான பயிற்சி."

"காட்டுக்கு எதுக்கு மணல் கலர்ல உடுப்பு, யுனிஷா அப்பா?"

மன்பீர் எந்த உடுப்பு என்று கேட்டுப் பார்த்தான். கியான் வீட்டு அலமாரி மேலே இருக்கிற உடுப்பு என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் முகம் வெளிறியது.

"பிம்லா சொன்னாளா?"

"அவ பாவம், வாயே திறக்கலை. அதுல உங்க பேரைத் தைச்சவளே நான்தான்."

தையற்காரர் ஒற்றை ஆள். பட்டாளத்துக்கே ஒரே சமயத்தில் பெயர் தைக்க அவரால் ஆகவில்லை. உடுப்புகளைக் கட்டுக்கட்டாகக் குடியிருப்புப் பெண்களிடம் கொடுத்துவிட்டார். புருஷன்மார் ஒளித்துவைக்க இடம் தேடுவதற்கு முன்பே, எவன் எவன் போகிறான் என்று குடியிருப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. அவரவர் புருஷன் உடுப்பு அவரவர் மடியில் விழக் கூடாது என்று பெண்கள் தங்களுக்குள் கட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். அப்படியும் மன்பீரின் உடுப்பு ஹங்மாவிடமே வந்தது.

"மேலிடத்து உத்தரவு," என்றான் மன்பீர். "நான் என்ன செய்ய முடியும்?"

"உத்தரவா? அந்த உடுப்பு வந்தப்ப அதுல ராய்னு இருந்துச்சு. பிரிச்சுட்டு லிம்பு தைக்கணும்னு தையக்காரர் சொன்னாரு. லிம்பு பத்துப் பேரு இருக்காங்களே, எந்த லிம்புன்னு கேட்டேன். உங்க நம்பரைச் சொன்னாரு."

மன்பீர் தரையில் உட்கார்ந்தான். பொய் எல்லாம் தீர்ந்துபோனதில் அவனுக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"பிம்லாவுக்கு நிறைமாசம், ஹங்மா."

"தெரியும். தப்புன்னா சொல்றேன்? பிரிச்ச நூலைக் கையில வெச்சுக்கிட்டு அழுதேன். பிறக்காத புள்ளைக்கு அப்பன் வேணும்னு நினைச்சவருக்கு, பிறந்த ரெண்டும் ஞாபகம் வரலையேன்னு இருந்துச்சு. அப்புறம் தைச்சேன். ரெட்டைத் தையலா தைச்சேன். போற இடத்துல பேரு பிரிஞ்சுடக் கூடாதுல்ல."

அந்தப் பெயர் எதற்காகப் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் தரானுக்குப் போகச் சொல்கிறேன், அங்கே சுற்றிலும் சொந்தபந்தம் இருக்கும் என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

"நான் போகலை," என்றாள் ஹங்மா. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, இங்க சாகேபும் பட்டாளத்துப் பண்டிதரும் நேரா என் கதவைத்தான் தட்டுவாங்க. எதுவானாலும் முதல்ல எனக்குத் தெரியும். தரான்ல உங்க அண்ணனுக்கு போன் வரும். அவரு நாலு பேரோட கூடிப் பேசி, சின்னப் பொண்ணு தாங்க மாட்டா, மெதுவா சொல்லுவோம்னு ஒரு வாரம் மறைப்பாரு. நானும் அது தெரியாம சிரிச்சுக்கிட்டு, சோறாக்கிக்கிட்டு இருப்பேன். மறைக்கிறதுதான் உங்க வீட்டு வழக்கமாச்சே."

அஸ்மின் பருப்புக் கையோடு தத்தித் தத்தி வந்து அவன் மடியில் ஏறினான். மன்பீர் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

"சரி, இருங்க," என்றான். "அம்மாகிட்டதான் என்ன சொல்றதுன்னு தெரியலை. நீங்க வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கும். நான் போறது மட்டும் அதுக்குத் தெரியவே கூடாது. தாங்காது."

ஹங்மா தட்டை வழித்து அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"உடுப்பு தைச்ச அன்னிக்கே அத்தைகிட்ட சொல்லியாச்சு. ரெண்டு பேரும் போன்லயே அழுது முடிச்சுட்டோம். எங்களுக்குத் தெரியும்னு உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாங்க, நீங்க தாங்க மாட்டீங்களாம்."