சிலிண்டருக்குக் கம்பளி போர்த்திய இன்ஜினியர்

அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நெருப்பைப் பார்த்தாலும் அதைத் திருத்தத் தோன்றும். டீக்கடை அடுப்பு, கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு, பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பு என்று எதையும் விடமாட்டோம். எனக்கு அந்த வியாதி முற்றிப்போய், ஒருமுறை என் சொந்த அண்ணனின் அடுப்பையே அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டேன். அதை இப்போது மனதார ஒப்புக்கொள்கிறேன். (ஒப்புக்கொள்ளாவிட்டாலும் போடியில் எல்லாருக்கும் தெரியும்.)

கடலோரத்தில் இருக்கும் ஒரு பழைய நிலையத்தில் நான் உதவிப் பொறியாளர். பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம். எங்கள் நிலக்கரி யூனிட்டுகளுக்கு வயதாகிவிட்டது. ஒன்றைக் கிளப்பவே அரை நாள் ஆகும். கிளம்பியதும் எங்காவது ஒரு குழாய் ஓட்டையாகும். குடியிருப்பில் வெள்ளைச் சேலையைக் காயப்போட்டால் சாம்பல் கலரில் எடுக்கலாம். ஆகவே இவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இயற்கை எரிவாயுவில் ஓடும் யூனிட் வைக்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவில் நான்தான் இளையவள், நான்தான் சத்தக்காரி. புகை குறைவு, சாம்பல் இல்லை, நினைத்தால் கிளப்பலாம், நினைத்தால் அணைக்கலாம் என்று மூன்று மாதம் பேசியதில், கேண்டீனில் என்னைக் கண்டாலே ஆட்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள்.

அந்தச் சூட்டோடு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம். அங்கே ‘ஸ்டோர்’ என்று ஒரு கட்டடம். பறித்த காயைக் கழுவி, தட்டுகளில் பரப்பி, அதற்குள் வைத்து உலர்த்துவார்கள். வெளியே விறகு அடுப்பு எரியும். அதன் சூடு பெரிய இரும்புக் குழாய்களில் அறைக்குள் சுற்றி வரும். ஒரு முழு நாள் சூடு சீராக இருந்தால் காய் பச்சை மாறாமல் உலரும். நடுவில் சூடு விட்டால் மஞ்சளடிக்கும். ஏலத்தில் வியாபாரிகள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

அந்த வருஷம் வீட்டில் ஒரே பேச்சு மதினியின் காய். அண்ணன் மனைவி ஜெயலட்சுமிதான் மதினி. இருபது வருஷமாக அந்தச் சரிவில் ஏறி இறங்கி உழைக்கிறவர். ஆனால் மூட்டைகள் எல்லாம் அண்ணன் பேரில்தான் ஏலத்துக்குப் போகும். இந்த முறை, அவர் அப்பா எழுதிக் கொடுத்த துண்டு நிலத்தில் முதல் காய்ப்பு. ஏல மையத்தில் தன் பேரையே பதிந்து வைத்திருந்தார். ஏலம் விடும்போது விற்கிறவர் பேர் அங்கே ஸ்கிரீனில் வரும்.

“ஸ்கிரீன்ல எம் பேரு வரணும்த்தா சுமதி. ஜெயலட்சுமின்னு முழுசா,” என்றார். அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்பட்டார்.

“உங்க காயி வெறகுப் பொகையில காயக் கூடாது மதினி,” என்று நான் தீர்ப்பு எழுதினேன்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் முத்தண்ணன் இருமாத நாளே கிடையாது. விறகு கிடைப்பதும் வருஷத்துக்கு வருஷம் பெரும்பாடு. அண்ணனைக் கிளப்பிக்கொண்டு போய்ப் போடியில் ஒரு கேஸ் டிரையர் வாங்கினேன். கடைக்காரர் கொட்டகையில் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். நான் உள்ளே கையை விட்டேன், சுட்டது. அவ்வளவுதான் என் பரிசோதனை.

“மேல குளுரு ஜாஸ்தி மேடம். சிலிண்டர மூணு நாலு சேத்து மாட்டிக்கிருங்க,” என்றார் கடைக்காரர்.

“எவ்வளவு கேஸ் வேணும்னு கணக்குப் போட்டாச்சு. ஒண்ணு தாராளம். நான் பவர் பிளாண்ட்ல இருக்கேன்,” என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். பவர் பிளாண்ட் என்று சொன்னால் நிறையப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அதுதான் ஆபத்து.

தோட்டத்துக்கு வந்ததும் அடுத்த தீர்ப்பு. பழைய அடுப்பை எடுத்துவிட வேண்டும்.

“அது ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போகட்டுமேத்தா,” என்றான் அண்ணன்.

“நீ சும்மா இருண்ணே. பழசு கண்ணு முன்னால நின்னா புதுச யாரு பழகுவா? நாளைக்கே நீ அங்கதான் போயி நிப்ப.”

இந்த வாக்கியத்தை எங்கள் குழுவின் அறிக்கையில் கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டு நானே எழுதியிருந்தேன். அங்கே எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணன் மட்டும் ஆட்டாமல் இருப்பானா?

நிலையத்தில் ஒரு யூனிட்டை நிரந்தரமாக நிறுத்தியபோது மாலை போட்டு, பேசி, ஜிலேபி கொடுத்ததைப் பார்த்தவள் நான். இங்கேயும் அடுப்புக்கு ஒரு மாலை போட்டேன். தொழிலாளர்களை நிற்க வைத்து ஐந்து நிமிஷம் பேசினேன். முத்தண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (உணர்ச்சி என்று நினைத்தேன். புகை என்று பிறகு சொன்னார்.) பிறகு வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு அடுப்பு மூடியையும் குழாய்களையும் கேஸ் கட்டிங்கில் அறுத்துப் போட்டோம். அந்த மலையில் நான் பார்த்ததிலேயே ஒழுங்காக எரிந்த கேஸ் அதுதான்.

மறுநாள் காலை ஏழு மணி. முந்தின நாள் பறித்த மதினியின் காய் தட்டுகளில் ஏறிவிட்டது. மதினி கையாலேயே பற்றவைக்கச் சொன்னேன். நீலமாக, பொட்டுப் புகை இல்லாமல் எரிந்தது. ஒரு போட்டோ எடுத்து, ‘மலையில் விறகு யுகம் முடிந்தது’ என்று எழுதி, குழுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். தலைமைப் பொறியாளர் கட்டை விரலை உயர்த்தினார். எட்டு மணிக்குப் பழைய இரும்பை ஏற்றிய ஜீப்பு போடிக்குக் கிளம்பியது. நான் அதற்கு டாட்டா காட்டினேன்.

ஒன்பதரைக்கு முத்தண்ணன் வந்து நின்றார்.

“ஆத்தா, சூடு எறங்குது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுடர் சாமி விளக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெளியே வெள்ளையாக மூடுபனி. அதைவிட வெள்ளையாகச் சிலிண்டர். அடிப்பாகம் முழுக்க உறைபனி பூத்து, ஃபிரிட்ஜ் மேல்தட்டு மாதிரி நின்றது.

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாகத்தான் இருக்கிறது. அது ஆவியாக வேண்டுமானால் சுற்றிலும் இருந்து சூட்டை வாங்க வேண்டும். ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அது தானே குளிர்ந்து, உறைந்து, அழுத்தம் விழுந்துவிடும். போடியில் ஊரே சூடு, வாங்கிக்கொண்டது. இங்கே மூடுபனியிடம் என்னத்தை வாங்கும்? எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று கணக்குப் போட்டவள், எவ்வளவு வேகமாக வெளியே வரும் என்று போடவில்லை. எங்கள் துறையில் இது பிள்ளைகள் படிக்கும் பாடம்.

“அதுக்குக் குளுருதாத்தா?” என்றார் மதினி.

எனக்கு இருந்த பதற்றத்தில் அந்தக் கேள்வி வெகு விஞ்ஞானமாகப் பட்டது. அண்ணன் படுக்கையிலிருந்து கம்பளியை எடுத்து வந்து சிலிண்டருக்குப் போர்த்தினேன். (போர்த்தினால் வெளியிலிருந்து வருகிற கொஞ்சநஞ்சச் சூடும் வராது என்பது பத்து நிமிஷம் கழித்து, சுடர் அணைந்தபோது, மண்டையில் ஏறியது.) கம்பளியை உருவி எறிந்துவிட்டு வெந்நீர் ஊற்றச் சொன்னேன். வெந்நீருக்கு எங்கே போவது? மூன்று கல்லைக் கூட்டி, மிச்சமிருந்த விறகை வைத்து, அண்டாவை ஏற்றினோம். முத்தண்ணன் ஊதினார், இருமினார். அண்டா கொதிக்க, அளவாக விளாவி, சொம்பு சொம்பாகச் சிலிண்டருக்கு ஊற்றினோம். சுடர் எழுந்தது. ஊற்றுவதை நிறுத்தினால் படுத்தது.

அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தான்.

“அப்ப கேஸ் எரியணும்னா வெறகு எரியணும். அதானேத்தா இன்ஜினியரு?”

வேறு நாளாக இருந்தால் நான் அவனைக் கடித்துக் குதறியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது ஊர் அறிந்தது. அன்று மூக்கில் சளிதான் வந்தது. ஜீப்பு டிரைவருக்குப் போன் போட்டேன்.

“அய்யோ அக்கா, கீழ வந்து எறக்கியாச்சே. ரெண்டு கொழாயச் சுத்தியல வச்சு நசுக்கியும் புட்டாய்ங்க,” என்றான்.

திரும்பினால் மதினி ஸ்டோர் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் நாலு காய். அதில் ஒன்று ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தது.

“போகட்டும் விடுத்தா. இருவது வருசம் பொறுத்தாச்சு. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்,” என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. கொதிக்கும் அண்டாவுக்குள் நானே இறங்கிவிடலாம் போல இருந்தது.

நேரே பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தேன். அது மலையாளத்துக்காரர் ஜோயி சேட்டனுடையது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அண்ணனும் அவரும் பேசி மூன்று வருஷம். அவர் ஸ்டோரிலிருந்து விறகுப் புகை சுகமாக எழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகான புகையை நான் அதுவரை பார்த்ததில்லை.

“எந்தா மோளே, புது மெஷினுக்கு ஜலதோஷமோ?” என்றார். மலையில் செய்தி ஜீப்பைவிட வெரசாப் போகும்.

“ஜலதோஷம் எனக்குத்தான் சேட்டா. எங்க மதினி காயக் காப்பாத்திக் குடுங்க,” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டும் விட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “பாதி எடம் காலியாணு. வேகம் கொண்டு வா,” என்று தன் ஆட்களையும் கூடவே அனுப்பினார்.

பாதித் தட்டுகளைத்தான் அங்கே ஏற்ற முடிந்தது. மீதிப் பாதி என் நீலச் சுடரிலும் முத்தண்ணனின் வெந்நீரிலும் கிடந்து, பொழுது சாய்வதற்குள் மஞ்சளாகிவிட்டது. மறுநாள் இரண்டு குவியலையும் தரையில் கொட்டிப் பார்த்தோம். சேட்டன் வீட்டுக் குவியல் கிளிப்பச்சை. என் குவியலைப் பற்றிப் பேச வேண்டாம்.

மதினி குனிந்து இரண்டிலும் ஒரு கை அள்ளிப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

“பச்ச எம் பேர்ல போகட்டும். மஞ்ச அவுக பேர்ல போகட்டும்.”

அண்ணன் வாயைத் திறந்தான். மதினி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டான்.

ஏல மையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். வியாபாரிகள் சாம்பிள் காயைத் தட்டில் கொட்டி, விரலால் புரட்டி, பார்த்ததும் தரையில் தட்டிவிடுவார்கள். ஸ்கிரீனில் ஜெயலட்சுமி என்று முழுசாக வந்தது. மதினி எழுந்து நின்றுவிட்டார். தட்டு கையில் இருந்த ஒரு பெரியவர் காயைக் கீழே கொட்டாமல் இன்னொருமுறை பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, வெளிப்படையாகவே அழுதேன். அடுத்து வந்தது அண்ணன் பேர். அந்த அறையில் பச்சைக்குப் பேர் போன பேர் அது.

“என்ன மாப்ளே, காய்க்கு மஞ்சக்காமாலையா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அறையே சிரித்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கேஸ் சரிதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். நான்தான் தப்பு. இப்போது நாலு சிலிண்டரைச் சேர்த்து மாட்டி, காற்றோட்டமான தனி அறையில் வைத்து, அதே டிரையர் ஜோராக ஓடுகிறது. முத்தண்ணன் இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் மதினி பழைய இரும்புக் கடைக்கே போய், நசுங்காத குழாய்களைப் பொறுக்கி வந்து, விறகு அடுப்பையும் மறுபடி கட்டிவிட்டார்.

எங்கள் குழுவின் கடைசிக் கூட்டத்தில், பழைய யூனிட்டை உடனே அறுத்துவிடலாம் என்று தீர்மானம் வந்தது. நான் எழுந்து, புது யூனிட் எல்லாப் பருவத்திலும் முழு லோடில் ஓடிக் காட்டும்வரை பழையதின் மேல் கட்டர் படக் கூடாது என்றேன்.

“ஏம்மா, பழசு கண்ணு முன்னால இருக்கக் கூடாதுன்னு எழுதினதே நீதானே? இது எந்த ஆராய்ச்சியில வந்தது?” என்றார் தலைமைப் பொறியாளர்.

“கள ஆய்வு சார்,” என்றேன். அறிக்கையில் என் நிபந்தனை அப்படியே இருக்கிறது.

போன சீசனில் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மழையில் பாதை அடைபட்டு கேஸ் வண்டி வரவில்லை. தட்டெல்லாம் பச்சைக்காய். நான் டீ டம்ளரோடு ஸ்டோர் வாசலில் நின்று, பாதையைச் சரிசெய்யாதவர்களை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். மேலிருந்து மதினி குரல் கொடுத்தார்:

“முத்தண்ணே, சுமதியப் பத்த வைங்க!”

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். விறகு அடுப்புக்கு மதினி என் பேரை வைத்துப் பல வருஷம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

“எந்தச் சுமதியக்கா?” என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

“டீ குடிக்கிறது ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டுத்தான இருக்கு,” என்றார் மதினி. “இன்னொண்ணப் பத்த வைக்கச் சொல்லு.”