குரல் மட்டும் வரவில்லை

ஹெட்போனில் அவனுக்குப் புல்லாங்குழல் கேட்டது. மனைவியின் குரல் மட்டும் கேட்கவில்லை.

மணி பதினொன்று நான்கு. பதினொன்று முதல் பதினொன்றரை வரை இணைய வானொலியில் மனைவி பேசுகிறாள். கணினித் திரையில் அவள் படம் இருந்தது. படத்துக்குக் கீழே, 'கறைகளை வெல்வது எப்படி? சலவைக்கடை உரிமையாளருடன் நேரலை.' பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. நேரலை முடிந்தால் முடிந்ததுதான். திரும்பக் கேட்க வழியில்லை.

மேலாளர் ஏதோ கேட்டு நிறுத்திவிட்டதால் நான்கு நிமிடம் தாமதமாகத்தான் இணைந்தான். அதற்குள் பேச்சைக் காணவில்லை.

வால்யூமைக் கூட்டினான். புல்லாங்குழல் காதைத் துளைத்தது. பின்னணி இசையே இத்தனை பலமாக இருக்கிறது, முன்னால் பேசுகிறவள் எங்கே போனாள்?

அவன் வேலை பார்ப்பது மருந்துச் சீட்டுகள் அச்சிடும் நிறுவனத்தில். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும், யாரும் படிக்காத காகிதம். அதைப் படித்துப் பிழை திருத்துவது அவன் வேலை. கூடத்தில் ஆறு மேசைகள். பேசக்கூடாது. பேனாவைக் கீழே வைத்தால் அடுத்தவருக்குக் கேட்கும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர்.

ஆனாலும் கேட்டே ஆகவேண்டும். போன வருடம் வணிகர் சங்க விழாவில் மனைவிக்குப் பரிசு கொடுத்தார்கள். அவள் மேடை ஏறியபோது இவன் மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு பதினொரு நாள் அவள் இவனிடம் நேராகப் பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். "உங்க அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ரெடி." "உங்க அப்பாகிட்ட சொல்லு, அவரு சட்டையை அவரே தேய்ச்சுக்கட்டும்." சலவைக்கடைக்காரியின் கணவன் பதினொரு நாள் கசங்கிய சட்டையோடு வேலைக்கு வந்தான்.

இன்று மகளுக்கு விடுமுறை. அவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வானொலி நிலையத்துக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "சாயந்திரம் கேப்பேன். எப்படிப் பேசினேன்னு சொல்லணும்."

"என்ன தம்பி, பல்லைக் கடிக்கிறீங்க?" பக்கத்து மேசை அக்கா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தார்.

"என் வீட்டுக்காரி பேசறா அக்கா. மியூசிக் வருது. பேச்சு வரல."

"ஹெட்போன் பின்னு பாதிதான் உள்ள போயிருக்கும். பாதி போனா பாடறவங்க காணாமப் போயிடுவாங்க, வாத்தியம் மட்டும் நிக்கும். எங்க வீட்ல ஒரு வருஷம் அப்படித்தான் கேட்டோம். இந்தக் காலத்துப் பாட்டே இப்படித்தான் போலன்னு இருந்துட்டோம்."

அவன் பின்னை அழுத்தினான். அதற்கு மேல் உள்ளே போக இடமில்லை. எதற்கும் ஒருமுறை உருவிப் பார்த்தான்.

கணினியின் ஸ்பீக்கர் விழித்துக்கொண்டது. புல்லாங்குழல் கூடம் முழுக்கப் பாய்ந்தது. ஐந்து தலைகள் திரும்பின. மேலாளர் எழுந்து நின்றார்.

பின்னைச் செருகிவிட்டுப் பலமாக இருமினான். புல்லாங்குழலை மறைக்க இருமல் போதாது என்பது இருமும்போதே தெரிந்தது. மேலாளர் குளிர்சாதன இயந்திரத்தைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

திரையின் ஓரத்தில் நேயர்களின் கமெண்டுகள் வர ஆரம்பித்தன.

'என்ன இனிமை.'

'கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.'

'அந்த ஏற்ற இறக்கம்! அழுதே விட்டேன்.'

"அக்கா, எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும்தான் கேக்கல."

அக்கா எட்டிப் பார்த்தார். "கறையைப் பத்தித்தானே பேசறாங்க? இவங்க எதுக்கு அழறாங்க?"

"அவ சொன்னா அப்படித்தான் இருக்கும்."

"ஈக்வலைசர்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. மனுஷக் குரல் நடுவுலதான் இருக்குமாம். ரெண்டு ஓரத்தையும் இறக்கிட்டு நடுவைத் தூக்குங்க."

தூக்கினான். புல்லாங்குழல் தகர டப்பாவில் அகப்பட்ட கொசுவானது. மனைவி எப்போதும் தன் வலப்பக்கம்தான் உட்காருவாள் என்பது நினைவுக்கு வந்தது. ஒலியை முழுக்க வலது காதுக்குத் தள்ளினான். கொசு வலது காதுக்குக் குடிபெயர்ந்தது.

மணி பதினொன்று பதினான்கு. கணினிகளைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டான். அவர் வழக்கம்போல் கையில் ஸ்குரூ டிரைவரோடு வந்தார்.

"சின்ன விஷயம்ணே."

சின்ன விஷயம் என்று அவர் சொன்ன எதுவும் இதுவரை அன்றைக்கே முடிந்ததில்லை.

"இதுல 'குரல் மட்டும்'னு ஒரு வசதி இருக்கு. போட்டா மியூசிக், ஃபேன், தெருச்சத்தம் எல்லாத்தையும் வடிகட்டிடும். மனுஷக் குரல் மட்டும்தான் மிஞ்சும்."

அழுத்தினார். கொசு செத்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

"வருதா?"

"ஒண்ணும் வரல."

கணினிக்காரர் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டார். இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி இருந்தார்கள்.

"மூச்சு விடற சத்தம் வருதுண்ணே. அண்ணிதான்."

அவன் உற்றுக் கேட்டான். வந்தது. சீரான மூச்சு. அவனுக்குக் கண் லேசாகக் கலங்கியது.

"அது நீங்க ரெண்டு பேரும் விடற மூச்சு," என்றார் அக்கா.

"அப்ப சவுண்ட் டிரைவர் சாஃப்ட்வேரைத்தான் மாத்தணும்," என்று கணினிக்காரர் எதையோ அழித்து, எதையோ ஏற்றி, கணினியை அணைத்துப் போட்டார். திரை நீலமாகி, 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்றது. மூன்று சதவீதம். ஒரு நிமிடம் கழித்தும் மூன்று சதவீதம்.

"என்ன நடக்குது இங்க?"

மேலாளர் பின்னால் நின்றிருந்தார். கணினிக்காரர் ஸ்குரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என் மனைவி ரேடியோல பேசறாங்க சார். நான் கேக்கலைன்னா..."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எது வரைக்கும்?"

"பதினொன்றரை."

"வாங்க என் ரூமுக்கு. எழுந்திருங்க, ஓடுங்க."

கணினிக்காரரும் அக்காவும் கூடவே ஓடினார்கள். மேலாளரின் கணினி புதியது. ஹெட்போன் மெத்தென்று இருந்தது. மேலாளரே மாட்டிக்கொண்டார். முகம் மெல்ல மாறியது.

"எனக்கும் புல்லாங்குழல்தான் வருது."

கண்ணாடி அறையில் நால்வரும் யோசித்தார்கள்.

"கூடத்துல பேச்சே கூடாதுன்னு சொன்னேனே," என்று மேலாளர் கணினிக்காரரிடம் திரும்பினார். "அதை இன்டர்நெட்டுக்கும் போட்டுட்டீங்களா?"

கணினிக்காரர் தரையைப் பார்த்தார். இல்லை என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

பதினொன்றரைக்குச் சிவப்புப் புள்ளி அணைந்தது.

மேலாளர் ஹெட்போனைக் கழற்றி அவன் தோளில் கைவைத்தார். துக்க வீட்டில் வைப்பதுபோல. "கமெண்ட்ல என்ன எழுதியிருக்காங்க?"

"இனிமை, ஏற்ற இறக்கம், அழுதே விட்டேன்."

"அதையே சொல்லுங்க. சொந்தமா எதுவும் சேர்க்காதீங்க."

ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மாலையில் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா?" மனைவி திரும்பவில்லை. குரல் கம்மியிருந்தது. அரை மணி நேரம் பேசின களைப்பு, பாவம், என்று நினைத்துக்கொண்டான்.

"ஒரு நொடி விடாம."

கரண்டி நின்றது. "முழுசாவா?"

"முழுசா. ஆபீஸே வேலையை நிறுத்திட்டுக் கேட்டுது. மேனேஜர் தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், தன் ஹெட்போன்லயே கேட்டாரு."

"அவருமா?" என்றாள் மனைவி. "எப்படி இருந்துச்சு?"

வாசலிலேயே சீட்டை ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தான். "என்ன இனிமை. கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேட்டேன். தூங்கல, மூடிக்கிட்டேன், அவ்வளவுதான். அந்த ஏற்ற இறக்கம் இருக்கே, நடுவுல அழுதே விட்டேன்."

மகள் பென்சில் சீவுவதை நிறுத்தினாள்.

மனைவி மறுபடி கிளற ஆரம்பித்தாள். பாராட்டு போதவில்லை என்று அவனுக்குப் பட்டது. மேலாளர் சொன்னதை மறந்தான்.

"அதுலயும் அந்த மைக்கறையைப் பத்திச் சொன்னே பாரு. வீட்ல எத்தனை தடவை சொல்லியிருக்கே. இன்னைக்குச் சொன்ன விதமே வேற. குரல் கணீர்னு. ஒரு இடத்துலகூடத் திக்கல. இவ்வளவு நாள் இந்தப் பேச்சை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

மனைவி அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். திரும்பி, அவனைத் தாண்டி, மகளைப் பார்த்தாள்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு."

மகள் பென்சில் தூளை ஊதிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, மைக்கைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பேச்சே வரல, அரை மணி நேரமும் ரேடியோக்காரங்க புல்லாங்குழல்தான் போட்டாங்க."