பீலிக்கரைக் கல் அம்மன் அல்ல

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய லயத்து வரிசை வீட்டிலிருந்து வெள்ளையம்மா எழுதுவது. நாங்கள் நலம், கூரை நலமில்லை.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: தோண்டிப் பார்க்க வந்த பல்கலைக்கழகத்து றிப்தா டீச்சர், என் மருமகள் விஜயகலா, அடுத்த காம்பரா வீட்டு மருதாயி, நான். உங்கள் நிருபர் இல்லை. இல்லாதவர்தான் "பழங்கால அம்மன் சிலை கண்டெடுப்பு" என்று எழுதியிருக்கிறார். ஐயா, அது நான் துணி துவைத்த கல்.

நகரசபை எங்கள் லயத்தை இடித்து வாகனத் தரிப்பிடம் கட்டப்போகிறது. "ராஜா கோட்டை மட்டுமா சரித்திரம்? நீங்க ஒடச்ச சட்டியும் சரித்திரந்தான் ஆச்சி. தோண்டி எடுத்துக் காட்டிட்டா இடிக்க விடமாட்டோம்" என்று டீச்சர் சொன்னதால்தான் முற்றத்தைத் தோண்ட விட்டோம். உடைந்த சட்டியின் ஓடும் கிடைத்தது, அதை உடைத்ததற்கு என் மாமியார் என்னைப் பட்டினி போட்டாள், இப்போது அதைப் பல்துலக்கும் பிரஷால் துடைத்து நம்பர் போட்டுப் பையில் வைக்கிறார்கள், கிழவி இருந்து பார்த்திருக்க வேண்டும். அப்புறம் முன்பு பீலிக் குழாய்த் தண்ணீர் விழுந்த இடத்தில் என் கல் தலைகாட்டியது, டீச்சர் படம் பிடிக்கும் முன்னே மருதாயி மஞ்சள் தண்ணீரை ஊற்றி, "ஆத்தா வந்துட்டா! மண்ணுல கைவைக்காதீங்க!" என்று ஆட, விஜயகலாவும் சேர்ந்து ஆடினாள்.

"அடியே, அது என் கல்லுடி! எங்க வீட்டுக்காரரு கட்டுற சாரத்த அடிச்சு மூலைய ஒடச்சதே நாந்தான்."

"அப்ப ஆத்தா தலையிலயா அழுக்குச் சாரத்த அடிச்சீங்க அக்கா?" என்றாள் மருதாயி.

அதோடு தோண்டல் நின்றது. வெள்ளிக்கிழமை இடிக்க வருகிறார்கள், நாங்கள் எங்கே போவோம்? முட்டியும் வலிக்கிறது, ஆத்தா கோபமோ என்று வேறு பயம். அது வெறும் துவைக்கிற கல் என்று பெரிய எழுத்தில் போடுங்கள், டீச்சர் தோண்டி முடிக்கட்டும்.

நீங்களும் அச்சுக்கூடத்துப் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும், உங்கள் நிருபருக்குக் கண் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளையம்மா

பி.கு.: இதைத் தபாலில் போடும் முன்னே இடிக்க வந்துவிட்டார்கள். வந்த நகரசபைப் பெரிய ஐயா கல்லைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றி, பத்தினித் தெய்வம் (நம் கண்ணகி அம்மன்தான்) என்று சிங்களத்தில் சொல்லிக் கும்பிட்டு, மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இதுவும் சரித்திரந்தான்" என்று டீச்சர் அதையும் படம் பிடித்தார். ஆகையால் மேலே எழுதிய எதையும் போட வேண்டாம், அது அம்மன்தான். முத்திரை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். எல்லோரையும் மன்னித்துவிட்டேன், ஒருத்தியைத் தவிர: என் கல்லைக் கும்பிட என்னையே வரிசையில் நிற்கச் சொன்ன மருதாயி.