பாவா மாட்டிய கார்புரேட்டர்

வீட்டு மாப்பிள்ளை மெக்கானிக்காக இருந்தால், அந்த வீட்டில் யாரும் வண்டி வாங்கக் கூடாது. வாங்கினால் என் கதிதான். இதைச் சொன்னால் எங்கள் அக்காவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். வரட்டுமே! எனக்கு வந்த கோபமே இன்னும் தணியவில்லை.

அப்போது என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் மினி லாரி இருந்தது. பள்ளிப்பட்டில் விசைத்தறிச் சேலைக் கட்டுகளை ஏற்றி, அரக்கோணம் ரயிலடியில் கொண்டுபோய் இறக்குவது தொழில். இன்ஜெக்‌ஷன் வண்டி. அதாவது, என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அதுவாகப் பீய்ச்சிக் கொடுக்கும். கொடுத்தவரை சரி. வயதானதும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, "சென்சார் போயிடுச்சு சார்" என்பான். ஒன்றை மாற்றினால் இன்னொன்று போகும். காற்றுக்கு ஒரு சென்சாராம், சூட்டுக்கு ஒன்றாம், புகைக்கு ஒன்றாம். (எங்கள் வீட்டில் அத்தனை பேரையும் சேர்த்தாலும் அவ்வளவு உணர்ச்சி தேறாது.)

திருத்தணியில் பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருந்தார் அக்கா புருஷன். எங்கள் பக்கம் பாவா என்று கூப்பிடுவோம். ஒருநாள் அவர் என் வண்டியின் சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருந்த என்ஜினைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"மச்சான், இந்த ஒயரு, சென்சாரு எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு கார்புரேட்டர் மாட்டிக்கலாம். அந்தக் காலத்து வேனை எல்லாம் கம்ப்யூட்டரா ஓட்டிச்சு? பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ள போனா ஓடப் போவுது. இதுக்கு எதுக்கு லேப்டாப்பு?"

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன வீரம், என்ன தெளிவு! அப்போது எனக்கு மூளை என்று ஒன்று இருந்ததாகத்தான் ஞாபகம். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

காயலான் கடையில் ஒரு பழைய வேனின் கார்புரேட்டரும் அதோடு சேர்ந்த சாமான்களும் கிடைத்தன. எல்லாம் பொருந்தியது. கார்புரேட்டரின் காற்றுக் குழாய் மட்டும் சீட்டின் இரும்புச் சட்டத்தில் இடித்தது. பாவா பிடரியைச் சொறிந்தார். பிறகு கார்புரேட்டரை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்து முடுக்கிவிட்டார்.

"பாத்தியா, அம்சமா உக்காந்துகிச்சு."

"பாவா, முன்னாடி பாக்க வேண்டியது பின்னாடி பாத்துகினு கீதே, பரவாயில்லைங்களா?"

"பெட்ரோலுக்கு கண்ணா கீது, முன்னாடி பின்னாடி பாக்கறதுக்கு?"

வேறு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கென்ன, கேட்பீர்கள்! பாவா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எங்கள் நைனா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். குழம்பில் முதல் கறித்துண்டு அவருக்குத்தான். அப்பேர்ப்பட்டவர் கைவைத்த என்ஜினை அடுத்தவனிடம் காட்டினால், அக்கா பெட்டியோடு வந்து நடுக்கூடத்தில் உட்காருவாள். ஆகவே காட்டவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வண்டி ஓடியது! அரக்கோணம் ரோட்டில் ஒரு இருமல் இல்லை, தும்மல் இல்லை. மஞ்சள் விளக்கின் ஒயரையே பிடுங்கிவிட்டதால் அதுவும் எரியவில்லை. டீக்கடை டீக்கடையாக நிறுத்தி, "கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடாசிட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். அந்த ரோடு தட்டையாக இருந்ததுதான் காரணம் என்று எனக்கு யார் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் நகரிப் பக்கம். பெயர் லாவண்யா. அவள் அப்பாவுக்கு என்னைப் பிடித்த மாதிரியே தெரியவில்லை. சொந்த வண்டி என்றால் வேன் என்று நினைத்தாராம், சேலை மூட்டை அடிக்கிற வண்டி என்று பிறகுதான் தெரிந்ததாம். திருத்தணி மலைமேல் கல்யாணம், காலை முகூர்த்தம். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத்தை மென்றபடியே, "முகூர்த்தம் தப்பிச்சுன்னா பொண்ணை கூட்டிகினு போயிகினே இருப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் முன்னாடியே வேனில் மலைக்குப் போய்விட்டார்கள். நானும் அதில் போயிருப்பேன். பாவா விடவில்லை. "நான் ரெடி பண்ண வண்டிலதான் மாப்பிள்ளை போணும்!" மினி லாரிக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பின்னால் தாலி, கூறைச் சேலை, வரிசைத் தட்டு எல்லாம் ஏற்றியாயிற்று. நெற்றியில் கட்டிய பாசிகப் பட்டத்தோடு நான் பக்கத்து சீட்டில். ஓட்டுவது பாவா.

மலை ரோட்டில் நன்றாக ஏற்றம் எடுக்கிற இடத்தில் என்ஜின் ஒரு விக்கல் விக்கியது. நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தால் இரண்டு எட்டு போகும், மறுபடி நிற்கும். பின்னால் முகூர்த்த நாள் கூட்டம் மொத்தமும் ஹாரன் அடித்தது.

"பாவா, நான் படியேறிப் போயிடறேங்க. தட்டை ஆட்டோல ஏத்திக்கலாம்."

பாவாவின் முகம் சுண்டிவிட்டது. "போ மச்சான். இந்த ஆளு வேலை மேல நம்பிக்கை இல்லன்னு நாலு பேருக்கு தெரியட்டும். உங்க அக்காவுக்கு நானே போன் போட்டு சொல்லிடறேன்."

என் கல்யாணத்தில் கூட அவர்தான் மாப்பிள்ளை! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார். "யோவ், வண்டியத் திருப்பி கீழ எறக்குய்யா!" நாலு பேர் தள்ளி, வளைவில் திருப்பினோம். கீழே பார்த்து நின்றதுதான் தாமதம், என்ஜின் கணீரென்று பிடித்துக்கொண்டது.

"பாத்தியா? கோளாறே இல்ல!" என்றார் பாவா.

"இல்லன்னா மேல ஏத்துங்க!"

திருப்பினார். நின்றது. மறுபடி கீழ்ப்பக்கம் திருப்பினார். கணீர்!

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்க ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அது வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும். பாவாவின் திருப்பத்தில் அது பின்பக்கம் போய்விட்டது. வண்டி மூக்கைத் தூக்கினால் கிண்ணம் பள்ளத்தில் இறங்கிவிடும், பெட்ரோல் என்ஜினுக்கு எட்டாது. இதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம். அன்றைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். கீழே பார்த்தால் ஓடுகிறது, மேலே பார்த்தால் நிற்கிறது.

"ரிவர்ஸ்லயே ஏத்துங்க பாவா!" என்று கத்தினேன். மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் கத்தினேன்.

"எப்படியாவது போய்த் தொலைங்கய்யா" என்று போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வழி விலக்கினார். நான் ஜன்னலில் இடுப்புவரை வெளியே தொங்கி, பாசிகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க" என்று கத்திக்கொண்டே என் கல்யாணத்துக்குப் போனேன். எதிரே வந்த பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்த மாதிரி வேண்டுதல் என்று நினைத்தார்களோ!

மேலே மேளக்காரர்கள் எந்தப் பக்கம் பார்த்து வாசிப்பது என்று தெரியாமல் திணறினார்கள். "வண்டி வந்துடுச்சு, மாப்பிள்ளை எங்கய்யா?" என்று மாமனார் சத்தம் போட்டார். முகூர்த்தம் முடிகிற தறுவாயில் தாலி கட்டினேன்.

இறங்கும்போது வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. வராமல்? பாவா மாமனாரிடம், "எஞ்சின் எப்படி கீது பாத்தீங்களா?" என்று கேட்டார். அவரும் பயபக்தியோடு தலையாட்டினார். (அவர் வீட்டிலும் ஒரு மூத்த மாப்பிள்ளை உண்டு.)

பிறகு அரக்கோணத்தில் திருட்டுத்தனமாகக் கார்புரேட்டரைச் சரியாக மாட்டிக்கொண்டேன். வண்டி மலை ஏறுவதைப் பார்த்துவிட்டு பாவா, "ஓட ஓட செட்டாயிடும்னு சொன்னேனா இல்லையா" என்றார். சொல்லவே இல்லை!

இது போகட்டும். கல்யாண ஆல்பத்தில் 'மணமகன் வருகை' என்ற பக்கத்தில் ஒரு லாரியின் பின்கதவுதான் இருக்கிறது. அதில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கிறது. மாமனார் வீட்டில் யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்கள். போன பொங்கலுக்கு என் மகள் அதைப் பார்த்து, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் தொங்கிகினு கீறாரு" என்றாள் லாவண்யா. "நான் மேல நின்னு பாத்துகினே இருந்தேன்டி. வண்டி பாதி மலைல திரும்பிச்சு. எங்க நைனா, 'பாரு, ஓடறான்'னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் பாத்தா, வண்டி மூஞ்சி கீழ பாத்துகினு கீது, ஆனா மேல வந்துகினே கீது. ஊரே சிரிச்சாலும் வர்றாரே, சரி, இந்த ஆளையே கட்டிக்கலாம்னு அப்பதான் முடிவு பண்ணேன்."

அப்போதுதானா? பத்திரிகை அடித்தாயிற்று, கழுத்தில் மாலையோடு மலைமேல் நிற்கிறாள், அதுவரைக்கும் முடிவே பண்ணவில்லையாம்!